ஜேபிஜி மட்டும் போதும்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன். மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பல் கிளினிக்கில் நாள் முழுக்கக் குனிந்து ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகு என்ன செய்யும் என்று முன்பே சொன்னேன், நீ கேட்கவில்லை.

இங்கே ஃபோன் கிடையாது. மாதம் நான்கு கடிதம் எழுதலாம். வருவதையும் போவதையும் சிறை அதிகாரி ஒருவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுவார். அதனால் கொஞ்சம் பார்த்து எழுது. ஒன்றரை நாள் ரயிலில் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிஷம் அழுதுவிட்டுப் போகாதே. கடிதமே போதும்.

வழக்கு உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். மாதம் ஒருமுறை நான் பார்த்துவந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரோப் அறுந்து விழுந்து, நாலாம் மாடி டீச்சர் இறந்துபோனார். பராமரிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்து இருந்ததால் என்னைப் பிடித்தார்கள். ரோப்பில் இழைகள் அறுந்திருந்ததை ஐந்து வாரம் முன்பே பார்த்துவிட்டேன், லிஃப்டை நிறுத்திப் ‘பழுது’ பலகை மாட்டும்படி காவலாளிப் பெரியவரிடம் சொன்னேன், அவர்தான் நிறுத்தவில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். யாரும் தன்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்கிறார் அவர். அவரையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் பேச்சுத்தான் நிற்கும்.

அன்று மெஷின் ரூமில் அந்த ரோப்பை ஒரு படம் எடுத்தேன். விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் உனக்குக் கொடுத்துவிட்டு வந்தேனே, அந்தப் பழைய ஃபோனில் எடுத்தது. அது இன்னும் அதில் இருக்கும். உனக்குத்தான் எதையும் அழிக்கத் தெரியாதே. அதை வக்கீலுக்கு அனுப்பு. ஜேபிஜியாக அனுப்பு, அதுதான் எல்லா இடத்திலும் திறக்கும்.

வீட்டுக்காரியும் மகள் வாலுவும் உன்னோடு இருப்பது எனக்குப் பெரிய தைரியம். வாலு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

அன்புத் தம்பி


ஜனவரி 17

சுண்டுவுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயாவுக்குப் பல் ஏதும் ஆடினால் தெரிவிக்கவும், எங்கள் டாக்டர் கைராசிக்காரர்.

உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று பக்கத்துப் பெஞ்சுக்காரியைக் கிள்ளிவிட்டு, தான் கிள்ளவே இல்லை என்று டீச்சரிடம் சாதித்திருக்கிறாள். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

படம் கிடைத்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் படத்தில் துழாவினேன். பெற்ற பிள்ளையைவிட நட்டையும் போல்ட்டையும் அதிகம் படம் பிடித்த தகப்பன் நீ ஒருவன்தான். அறுந்த இழைகள் துருத்திக்கொண்டு நன்றாகவே தெரிகின்றன. ஓரத்தில் பெரியவரின் கை, டார்ச்சைப் பிடித்தபடி இருக்கிறது. வக்கீலிடம் ஃபோனில் சொன்னேன். “அவரும் பக்கத்துல நின்னு பார்த்திருக்காரா? அது போதும்மா. தெரியாதுன்னு இனி வாயே திறக்க முடியாது” என்றார். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஆனால் படத்தை அனுப்பியபோது அவருடைய கணினியில் திறக்கவில்லை, வெறும் சாம்பல் கட்டம்தான் வந்ததாம். நீதிமன்றத் தளமும் வாங்க மாட்டேன் என்கிறது. அதன் பெயர் ‘ஹெய்க்’ என்று முடிகிறது, தும்மினால் வருகிற சத்தம். சரி என்று அரட்டைச் செயலி வழியாக அனுப்பினேன். அது தேதியைத் தின்றுவிட்டுப் படத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தேதி இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வக்கீல் கோபித்துக்கொண்டார்.

எங்கள் டாக்டரைக் கேட்டேன். எக்ஸ்ரே படங்களை அவர் ஜேபிஜியாக மாற்றவே விடமாட்டார். “அது சின்னதாக்குறதுக்காக, நம்ம கண்ணுக்குத் தெரியாதுன்னு அதுவே ஒண்ண முடிவு பண்ணித் தூக்கிப் போட்டுடும்” என்றார். போன வருஷம் ஒருவருக்கு மயிரிழை விரிசல் அப்படி மறைந்துபோய், நாங்கள் வேறு பல்லைப் பிடுங்கிவிட்டோம். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விடுப்புப் போட்டு, ஃபோனையே கொண்டுவந்து வக்கீல் கையில் கொடுத்துவிடுகிறேன். அசல் அசலாகவே போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் கண்டேன். ஃபோனை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். உன் முதுகுக்கு ரயில் பயணம் ஆகாது. அதோடு ஃபோனைக் கொடுத்தால் வருஷக்கணக்கில் திரும்பி வராது.

உன் டாக்டர் சொல்வது பல்லுக்குச் சரி. ரோப் என்ன மயிரிழையா? சுண்டுவிரல் தடிமன் இருக்கிறது. ஜேபிஜியிலும் நன்றாகத் தெரியும். நான் சொல்கிறபடி செய். படத்தைத் திற. மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஜேபிஜியாக மாற்று’ என்பதைத் தேர்ந்தெடு. ‘அசைவையும் வைத்துக்கொள்ளவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். இப்படி மாற்றினால் தேதி போகாது. அந்த ஜேபிஜியை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, பழையதை அழித்துவிடு. அழித்த பிறகு குப்பைத்தொட்டிக்குள் போயும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதம் அங்கேயே கிடக்கும். அந்த ஃபோனில் இடம் ரொம்பக் குறைச்சல், அதற்காகத்தான் சொல்கிறேன்.

நான் சொன்ன வரிசையிலேயே செய். அசைவு வேண்டாம். மறக்காதே.

காவலாளிப் பெரியவரை இந்த வாரம் எங்கள் பகுதிக்கே மாற்றிவிட்டார்கள். எதிர் வரிசையில் இருக்கிறார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயில் என்னைக் கண்டதும் “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவுக்கும் வீட்டுக்காரிக்கும் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 19

சுண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிளினிக்கில் கூட்டம். மாமாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரி தையல் கடை ஒன்றில் வேலைக்குப் போகிறாள். குழந்தைக்குப் பால் பல் ஒன்று விழுந்தது, நானே எடுத்தேன், அழவில்லை.

படத்தை இன்னும் மாற்றவில்லை. நேரம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவருக்குக் கரகரத்த குரலா? எல்லாரையுமே அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவாரா, இல்லை உன்னை மட்டுமா?

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய எட்டு வரியைப் பத்து முறை படித்தேன். நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பெரியவருக்குக் கரகரத்த குரல்தான். எல்லாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அதை ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே. இந்தக் கடிதம் எத்தனை கை மாறி வருகிறது என்று உனக்குத் தெரியும்.

ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் படத்தைப் பதிவேற்ற வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். அதற்குப் பிறகு வாங்க மாட்டார்கள். அது போனால் என்னைக் குறைந்தது பத்து வருஷம் உள்ளே தள்ளிவிடுவார்களாம். இப்போது வாலுவுக்கு ஏழு. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அக்கா, சின்ன வயதில் நான் என்ன உடைத்தாலும் நீதான் உடைத்ததாகச் சொல்லி அடி வாங்குவாய். இப்போது உன்னை அடி வாங்கச் சொல்லவில்லை. ஒரு படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஜேபிஜி மட்டும் போதும்.

குழந்தையின் பல்லைப் பத்திரமாக வை.

தம்பி


மார்ச் 12

சுண்டு,

இதை உறையில் ஒட்டி, வக்கீலின் காகிதக் கட்டோடு கொடுத்தனுப்புகிறேன். அவர் கட்டைச் சிறையில் பிரிக்க மாட்டார்களாம். அவரும் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன். அதனால் நலம் விசாரிப்பெல்லாம் இல்லாமல் நேராகவே எழுதுகிறேன்.

அசைவை எடுத்துவிடு என்று நீ இரண்டு தரம் எழுதியிராவிட்டால், படத்துக்குள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கிளினிக்கில் பஞ்சுச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்து, படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தேன். படம் ஓடியது. படம் எடுத்த நேரத்தை ஃபோன் தானாகவே பதிந்து வைத்திருக்கிறது, மொத்தம் மூன்று விநாடி. டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடுகிறது. குரல் கேட்கிறது.

“நிறுத்திடவா தம்பி?”

“வேணாம், ஓட்டுங்க. ஒண்ணும் ஆகாது.”

இரண்டாவது குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு எதையோ பற்றிப் பேசுகிறீர்களோ என்று கேட்டுப் பார்த்தேன். வேறு ஒரு லிஃப்டோ என்று தேதியைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தது கிளினிக்கில் கூட்டம் என்பதால் இல்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். தப்பு நடந்துவிட்டது, சரி. மனிதன்தான். ஆனால் கேட்ட மனிதர்மேலேயே அதைத் தூக்கிப் போட்டாயே. நிறுத்தட்டுமா என்று அவர் கேட்டாரே, சுண்டு. அவர் மட்டும்தானே கேட்டார்.

உன் வீட்டுக்காரிக்கு இது தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

நீயே நீதிபதியிடம் சொல்லிவிடு. தானாகச் சொன்னால் தண்டனை குறையும் என்கிறார்கள். இந்த மாதம் முடியும் வரை பார்ப்பேன். நீ சொல்லவில்லை என்றால் ஃபோனை எடுத்துக்கொண்டு நான் ரயில் ஏறுவேன். முதுகு போனால் போகட்டும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இதுவும் வக்கீல் வழியாகத்தான் வருகிறது.

நீ கேட்டது உண்மை. நான் ஓட்டச் சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புது ரோப் வர ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை லிஃப்டை நிறுத்தினால் ஐந்து மாடிக்காரர்களும் கம்பெனிக்கு ஃபோன் போட்டுத் திட்டுவார்கள், கம்பெனி என்னைத் திட்டும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். போன முறை நிறுத்தியபோது டீச்சர் ஒவ்வொரு மாடியிலும் பையைக் கீழே வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “உனக்குப் புண்ணியமாப் போகும்ப்பா, சீக்கிரம் சரி பண்ணு” என்பார். அன்றைக்கு அவர் முட்டிதான் கண்ணில் நின்றது. ரோப் இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று என் கைக்குத் தோன்றியது. பதினாலு வருஷமாக ரோப்பைத் தொட்டுப் பார்க்கிற கை. அது தப்பாகச் சொல்லிவிட்டது. விழும்போது பிடிக்க வேண்டிய சேஃப்டி பிரேக்கும் துருவேறிக் கிடந்திருக்கிறது, அதையும் நான் கழற்றிப் பார்க்கவில்லை.

போலீஸ் கேட்ட முதல் நிமிஷத்தில் வாயில் வந்தது ‘நான் நிறுத்தச் சொன்னேன்’ என்பதுதான். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு திரும்பி வர வழி தெரியவில்லை.

நீதிபதியிடம் என்னால் சொல்ல முடியாது, அக்கா. நான் வெளியே வரும்போது வாலுவுக்குப் பதினேழு வயதாகியிருக்கும், யாரோ ஒருவன் என்று பார்ப்பாள். பெரியவருக்கு அறுபத்தாறு. மனைவி இல்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவர் வாழ்ந்து முடித்தவர். இந்த வரியை எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அதை அடிக்காமல் விடுகிறேன், நான் நினைப்பது அதுதான்.

நீ எனக்கு அக்காவா, ஊருக்கு நீதிபதியா? இதற்கு மட்டும் பதில் சொல்.

தம்பி


ஏப்ரல் 3

சுண்டுவுக்கு,

நாங்கள் நலம். இதையும் வக்கீல் கட்டோடுதான் அனுப்புகிறேன்.

போன வாரம் ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வெளியூரில் முதுகு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உன் மகள் விடாமல் கூடவே வந்தாள், அவளைத் திரும்பக் கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, “அப்பாவைக் கூட்டிட்டு வரப் போறீங்களா அத்தை?” என்று கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரயில் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டேன்.

இன்று காலை மாற்றினேன். நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். அசைவு வேண்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்றேன். தேதி அப்படியே இருக்கிறது. ஜேபிஜியை நீதிமன்றத் தளம் உடனே வாங்கிக்கொண்டது. வக்கீல் ஃபோன் செய்து, இதை முன்பே செய்திருக்கலாமே என்று சந்தோஷப்பட்டார். பிறகு அசலை அழித்தேன். குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கும் அழித்தேன். இதை மீட்க முடியாது, நிச்சயம்தானா என்று கேட்டது. ஆம் என்றேன். எக்ஸ்ரே எடுக்கிற கை, நடுங்காமல் பழகிவிட்டது.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடிவிட்டது. நான் அக்காதான், நீதிபதி இல்லை. உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

இதைப்பற்றி இனி எனக்கு எழுதாதே. வெளியே வந்ததும் உன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. என் வீட்டில் உனக்குச் சாப்பாடு உண்டு. பேச்சு எத்தனை நாளில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

அவசரம். வக்கீல் ஊரில் இல்லை, வந்ததும் இதை அனுப்பிவிடுவதாக அவர் குமாஸ்தா சொல்கிறார். ஐந்தாம் தேதி தாண்டிவிட்டால் தளத்தில்தான் வாங்க மாட்டார்களாம், ஃபோனையே விசாரணை நாளில் நீதிபதியிடம் நேரடியாகக் கொடுக்கலாமாம்.

அசலைக் கொடுத்துவிடு. ஜேபிஜி வேண்டாம். ஃபோனையே கொண்டுவந்து கொடு.

முந்தாநாள் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வக்கீல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. “நெசமாச் சொல்லு தம்பி, நீ நிறுத்தச் சொன்னியா? எனக்கு இப்பல்லாம் மறதி. பல்பு மாத்தினதையே மறந்துட்டு மறுபடி ஏணியில ஏறுவேன். நீ சொல்லியிருந்தா சொன்னேன்னு சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்” என்றார்.

நான் “சொன்னேன்” என்றேன்.

“அப்ப அந்தம்மாவ நான்தான் கொன்னேன்” என்றார். எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாழ்ந்து முடித்தவர் என்று உனக்கு எழுதினேனே, என் கண் முன்னால் முடிந்துகொண்டிருக்கிறார்.

நானே நீதிபதியிடம் சொல்லலாமே என்று கேட்பாய். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அக்கா. இன்றைக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, நாளைக்கு மாறிவிடுவேன். அந்தக் குரல் வெளியே வந்துவிட்டால் மாற முடியாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

உடனே கிளம்பு.

தம்பி


ஏப்ரல் 14

சுண்டு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதுவும் வக்கீல் வழியாகத்தான் வருகிறது. வழியில் என்னுடையதைத் தாண்டி வந்திருக்கிறது. என்னுடையது இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும்.

அது இல்லை. நேற்றும் இன்றும் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். ஒருவர் கணினியில் மாட்டி இரண்டு மணி நேரம் தோண்டினார். உன் நட்டும் போல்ட்டும்கூட நாற்பது ஐம்பது திரும்பி வந்தன, எப்போதோ நீ அழித்தவை. இது மட்டும் வரவில்லை. வக்கீலுக்கு முதலில் அனுப்பிய சாம்பல் கட்டத்தையும், திறக்கவில்லை என்று அவர் அன்றைக்கே அழித்துவிட்டாராம். “யாரோ தெரிஞ்சு செஞ்ச மாதிரி சுத்தமா அழிச்சிருக்காங்கம்மா” என்றார். ஜேபிஜியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். அது சும்மா இருக்கிறது.

உன் பேச்சைக் கேட்டுத்தான் அழித்தேன். பழியை உன்மேல் போட எழுதவில்லை. அழித்த கை என்னுடையது. பத்து நாள் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. கையில் இருந்தால் என்றைக்காவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

ஆனால் ஒன்று. படம்தான் போயிற்று, உன் வாய் போகவில்லை. விசாரணைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முதலில் அவரிடம் சொல். அதற்கு எந்த வடிவமும் வேண்டாம், தளமும் வேண்டாம். நாளைக்கு மாறிவிடுவாய் என்றால் இன்றைக்கே சொல்.

அவரைச் சாப்பிட வை.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் நலம். நேற்று வெளியே விட்டுவிட்டார்கள். நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் இருக்கிறேன். வீட்டுக்காரிக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். உனக்கு ஃபோன் செய்ய முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி அவரிடம் சொன்னேன். உடனே சொல்லவில்லை. ஐந்து வாரம் தள்ளிப்போட்டு, விசாரணைக்கு அழைத்துப்போன வண்டியில்தான் சொன்னேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் நிறுத்தட்டுமா என்று கேட்டீர்கள், நான்தான் ஓட்டச் சொன்னேன், போலீஸிலும் உங்களிடமும் பொய் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் முதுகைத் தட்டினார். “என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற” என்றார். சத்தியம் செய்தேன். கேட்கவே இல்லை. “வக்கீல் படத்தைக் காட்டினாரு தம்பி. அது என் கைதான். டார்ச் பிடிச்சிருக்கேன், அறுந்ததெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. பார்த்துட்டும் ஓட்டியிருக்கேனே” என்றார். அவரை நம்பவைக்க என்னிடம் என்ன இருந்தது?

உள்ளே போனதும் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். நீதிபதி கேட்கும் முன்பே அவர் கைகூப்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் மகள் பின் வரிசையில் அழுதது கேட்டது. பிறகு நீதிபதி என்னைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். எழுந்து நின்றேன். சொல்லத்தான் எழுந்தேன். கதவுப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது, அக்கா. “இல்லை ஐயா” என்றேன்.

அவருக்கு எட்டு வருஷம்.

என் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சிறைக்குத் திரும்ப அழைத்துப் போனார்கள். அவர் தன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார், வேறு பகுதிக்கு மாற்றுகிறார்களாம். என்னைக் கண்டதும் அருகில் வந்து, காவலருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“போய்ப் பிள்ளைகுட்டியோட நல்லா இரு தம்பி. வண்டியில சொன்னியே, அத மட்டும் வேற யார்கிட்டயும் சொல்லிடாத. நம்பிடப்போறாங்க” என்றார்.

தம்பி